பிரைமரியில் முதல் ஓட்டு: அமெரிக்கக் குடியுரிமை புதிதாக வாங்கியவர்களுக்கு

2018 ஜூன் 26, செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போகும் வழியில் நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடத்துக்கு, பிரைமரியில் (நவம்பருக்கு முன்பு கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஓட்டுப்போடப் போனேன். மேஜையில் உட்கார்ந்திருந்த அம்மா பெயர்ப் புத்தகத்தில் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தார், பக்கம் திருப்பினார், மறுபடி மேலே போனார், கடைசியில் என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிக்கூடத் தேடிப் பார்த்தார் (நமக்கு இது பழகிய சங்கதிதானே). இல்லை. நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்படியானால் இன்றைக்கு உங்களுக்கு ஓட்டு இல்லை என்றார்.

தப்பு அவர் மேல் இல்லை, என் மேல்தான். முந்தின வருடம் புரூக்ளினில் குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டு வெளியே வந்தபோது வாக்காளர் பதிவுப் படிவம் கையில் கொடுத்தார்கள். அதில் ‘எந்தக் கட்சியிலும் சேர விரும்பவில்லை’ என்ற கட்டத்தில் நானேதான் டிக் அடித்தேன். எங்கள் அப்பா எந்தக் கட்சிக்கு ஓட்டுப்போட்டார் என்பது கடைசிவரை அம்மாவுக்கே தெரியாது. அந்த வளர்ப்பு. நடுநிலை என்றால் மரியாதை என்று நினைத்தேன், நியூயார்க்கில் அதற்கு பிரைமரியில் ஓட்டு இல்லை என்று அர்த்தம் என்பது தெரியாது.

அன்று இரவு வந்த முடிவு நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. ஏறக்குறைய 20 வருடம் நாடாளுமன்றத்தில் இருந்தவர், ஜனநாயகக் கட்சியின் க்வீன்ஸ் பகுதித் தலைவர், 14 வருடமாகப் பிரைமரியில் எதிராளியே இல்லாமல் இருந்த ஜோ கிரௌலி, 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸிடம் தோற்றுப்போனார். ஏழு லட்சம் பேர் வசிக்கிற தொகுதி. விழுந்த ஓட்டு எல்லாம் சேர்த்து சுமார் 30 ஆயிரம். நவம்பரில் நான் சமர்த்தாகப் போய் ஓட்டுப்போட்டேன், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் நியூஜெர்சிக்குக் குடிமாறி, நாலைந்து பிரைமரி பார்த்தாகிவிட்டது. புதிதாகக் குடியுரிமை வாங்கும் நண்பர்கள் வருடா வருடம் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், பெரும்பாலும் நாள் தாண்டியபிறகு. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பிரைமரி என்றால் என்ன, ஏன் போகவேண்டும்

ஊரில் வேட்பாளரைத் தலைமைதான் முடிவு செய்யும். விருப்ப மனு வாங்குவார்கள், கட்டணம் கட்டுவார்கள், கட்சி அலுவலகத்தில் நேர்காணல் நடக்கும், அப்புறம் ஒருநாள் பட்டியல் வெளியாகும். சீட் கிடைத்தவர் பி-ஃபார்ம் வாங்கிக்கொண்டு போவார், கிடைக்காதவர் ஆதரவாளர்கள் கொடும்பாவி கொளுத்துவார்கள். ஓட்டுப்போடும் நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

இங்கே அந்தப் பி-ஃபார்மை வாக்காளர்கள்தான் கொடுக்கிறார்கள். ஒரு கட்சி சார்பில் நவம்பர் தேர்தலில் யார் நிற்பது என்பதற்கே தனியாக ஒரு தேர்தல், அரசாங்கமே நடத்துகிற தேர்தல், அதுதான் பிரைமரி. கட்சித் தலைமைக்குப் பிடிக்காத ஆளாக இருந்தாலும் தேவையான கையெழுத்துகளைத் திரட்டிவிட்டால் பெயர் ஓட்டுச்சீட்டில் வந்துவிடும். (காங்கிரஸ் என்றால் இங்கே நாடாளுமன்றம். முதல் முறை ஊருக்குப் போனில் சொன்னபோது சித்தப்பா, ‘அங்கேயும் காங்கிரஸா?’ என்று கேட்டார்.)

நாம் பேசுவது அதன் கீழவையான பிரதிநிதிகள் சபைத் தொகுதி. மொத்தம் 435 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் சராசரியாக 7 லட்சத்து 60 ஆயிரம் பேர், பதவிக்காலம் வெறும் 2 வருடம். ஆகவே இரட்டைப்படை வருடங்களில் எல்லாம் இந்தக் கூத்து உண்டு. இந்தத் தொகுதிகளில் பெரும்பாலானவை ஒரே கட்சியின் கோட்டை. அங்கே நவம்பர் தேர்தல் சம்பிரதாயம்தான், நிஜமான போட்டி கோட்டைக்குள்ளே பிரைமரியில் நடந்து முடிந்துவிடும். அதற்கு வருகிறவர்களோ குறைவு, அதனால் உங்கள் ஒரு ஓட்டுக்கு நவம்பரைவிட ஜூனில் எடை பல மடங்கு. சும்மா சொல்லவில்லை: டெக்சாஸின் 28-ஆம் தொகுதியில் 2004-இல் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 58 ஓட்டில் ஜெயித்த ஹென்றி குவெய்யார், 2022-இல் மறுபடி ஒரு மறு எண்ணிக்கை வரை போய் 289 ஓட்டில் தப்பித்தார். ஒரு தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை

பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் ஓட்டுப்போடக் கூடாது, பதிவும் செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போகும் இடத்தில் ‘வாக்காளராகப் பதிவு செய்யவா?’ என்று திரையிலோ படிவத்திலோ கேட்கும், தூக்கக் கலக்கத்தில் ஆம் என்று தட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. விளையாட்டில்லை. குடியுரிமை இல்லாமல் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப்போடுவது குற்றம், நாடு கடத்தும் அளவுக்குப் போகும், குடியுரிமை விண்ணப்பமும் கெட்டுவிடும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் வாட்ஸ்அப் குழுவில் ஆலோசனை கேட்காமல் குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

முதலில் தொகுதியைக் கண்டுபிடியுங்கள்

ஊர் பெயரை வைத்தோ கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) வைத்தோ முடிவுக்கு வராதீர்கள். ஒரே ஊரில் பக்கத்துத் தெரு வேறு தொகுதியாக இருக்கும். ஹவுஸ் டாட் கவ் (house.gov) தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் தொகுதியும் இப்போதைய உறுப்பினரும் வந்துவிடும், குறியீடு இரண்டு தொகுதியில் விழுந்தால் முழு முகவரி கேட்கும்.

போன தடவை எந்தத் தொகுதியோ அதேதான் என்றும் நம்பாதீர்கள். 10 வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து எல்லை வரைவது வழக்கம், ஆனால் நியூயார்க்கில் 2022-க்கு ஒரு வரைபடம், 2024-க்கு இன்னொன்று என்று ஆனது. 2025-இல் டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் நடுவிலேயே கோடுகளை அழித்து வரைந்தன. தேர்தல் வருடம் பிறந்ததும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் உங்கள் மாநிலம் எந்த ரகம்

குழப்பம் எல்லாம் இங்கேதான், நான் விழுந்த பள்ளமும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நியூயார்க், பென்சில்வேனியா, மேரிலாந்து, ஃப்ளோரிடா போன்றவை மூடிய ரகம். அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அந்தந்தக் கட்சியின் பிரைமரி. கட்சியில் பதிவு என்றதும் உறுப்பினர் அட்டை, சந்தா, வட்டச் செயலாளர் என்று ஊர் ஞாபகம் வரும். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. அரசாங்கப் படிவத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். காசும் கிடையாது, கூட்டத்துக்குப் போகவும் வேண்டாம், நவம்பரில் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப்போட்டாலும் கேட்க ஆளில்லை. இதை யாராவது எனக்கு 2017-இல் சொல்லியிருந்தால் அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கவே மாட்டேன். ‘சுயேச்சை’ என்று போட்டுக்கொள்வது கௌரவமாகத் தோன்றும், ஆனால் மூடிய மாநிலத்தில் அதன் விலை பிரைமரி ஓட்டு.

நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், வடக்கு கரோலினா மாதிரி சில மாநிலங்கள் நடுவாந்தரம். ஏதோ ஒரு கட்சியில் பதிவு செய்திருந்தால் அதில் மட்டும்தான். கட்சி சேராதவர்கள் ஏதாவது ஒரு பிரைமரியைத் தேர்ந்துகொள்ளலாம். நியூஜெர்சியில் இதில் ஒரு சூட்சுமம் உண்டு: கட்சி சேராதவர் பிரைமரியில் ஓட்டுப்போட்ட கணமே அந்தக் கட்சிக்காரராகப் பதிவாகிவிடுவார். வேண்டாமென்றால் பிறகு படிவம் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

டெக்சாஸ், ஜார்ஜியா, வர்ஜீனியா, மிச்சிகன், இல்லினாய் எல்லாம் திறந்த ரகம். வாக்காளர் பதிவில் கட்சி என்ற சங்கதியே இல்லை, ஓட்டுப்போடும்போது எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். இல்லினாயில் இதை மேஜைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும், வரிசையில் பின்னால் நிற்கும் அலுவலக நண்பர் காதிலும் விழும். மிச்சிகனில் ஒரே சீட்டில் இரண்டு கட்சியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஏதாவது ஒரு பத்தியில் மட்டும் நிரப்பவேண்டும். நல்லவர்களாகப் பார்த்து இங்கே இரண்டு அங்கே இரண்டு என்று நிரப்பினால் அந்தக் கட்சிப் பகுதி முழுக்கச் செல்லாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் தனி வழி. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் இருப்பார்கள், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. ஃப்ரீமாண்ட் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், கலிஃபோர்னியாவின் 17-ஆம் தொகுதியில் மைக் ஹோண்டாவும் ரோ கன்னாவும் இருவருமே ஜனநாயகக் கட்சி, 2014 நவம்பரில் மோதியதில் ஹோண்டா ஜெயித்தார், 2016 நவம்பரில் கன்னா. அதே 2016-இல் சியாட்டிலில், சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் தன் கட்சிக்காரர் ஒருவரையே நவம்பரில் எதிர்கொண்டார்.

நாட்களைக் காலண்டரில் குறியுங்கள், ஒன்றல்ல மூன்று

நாடு முழுக்க ஒரே நாள் என்பது நவம்பருக்குத்தான். பிரைமரி 2024-இல் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் மார்ச் 5, இல்லினாயில் மார்ச் 19, ஜார்ஜியாவில் மே 21, நியூஜெர்சியில் ஜூன் 4, நியூயார்க்கில் ஜூன் 25, மிச்சிகனிலும் வாஷிங்டனிலும் ஆகஸ்ட் 6. டல்லாஸில் இருக்கும் மச்சான் ஓட்டுப்போட்டுவிட்டு ஸ்டிக்கரோடு படம் போட்டதும், ஐயோ விட்டுவிட்டோமே என்று நியூஜெர்சி எடிசனில் பதறவேண்டாம்.

தேர்தல் நாள் ஒன்று. வாக்காளர் பதிவின் கடைசி நாள் இரண்டு, இது நியூஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பு. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்: கட்சி மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். இது மற்ற இரண்டுக்கும் வெகு முன்னால் வரும். நியூஜெர்சியில் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற 55 நாள் முன்பே சொல்லியாகவேண்டும். நியூயார்க்கில் பிப்ரவரி 14. ஜூன் மாதத் தேர்தலுக்குக் காதலர் தினத்தன்று கதவு சாத்திவிடுவார்கள். என் காலத்தில் இன்னும் மோசம், முந்தின வருடம் அக்டோபரிலேயே சாத்திவிட்டார்கள், 2018 ஜூனில் நான் விழித்துக்கொண்டபோது எட்டு மாதம் தாமதம். அப்புறம் சட்டத்தைத் திருத்தினார்கள்.

வோட் டாட் கவ் (vote.gov) தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தால் உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் பக்கத்துக்குப் போகும். பதிவு செய்வதும், ஏற்கெனவே செய்த பதிவு உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் அங்கேயே. பெயர் எழுத்துக் கூட்டல் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ஒற்றை எழுத்து இனிஷியலை விரித்து எழுதியவர்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தட்டுகிறவர்கள்

வசந்தகாலம் தொடங்கும் முன்பே கையில் அட்டையும் பேனாவுமாக யாராவது வருவார்கள். வேட்பாளர் பெயர் சீட்டில் ஏறக் கையெழுத்து வேட்டை. நியூயார்க்கில் காங்கிரஸ் தொகுதிக்கு 1,250 கையெழுத்து வேண்டும், அதுவும் அந்தக் கட்சியில் பதிவு செய்த, அந்தத் தொகுதியில் வசிக்கிறவர்களுடையது. கையெழுத்துப் போட்டால் ஓட்டும் அவருக்கே போடவேண்டும் என்றில்லை, இன்னொருவரும் போட்டியிடட்டும் என்று சொல்வதுபோலத்தான். ஆனால் ஒரே பதவிக்கு இரண்டு பேருக்குப் போடாதீர்கள், முதலில் போட்டதுதான் செல்லும். எதிராளியின் வக்கீல்கள் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்த்துச் செல்லாது செல்லாது என்று அடித்துக்கொண்டே வருவார்கள், முகவரி தெளிவில்லை என்றாலும் போச்சு. ஒருவர்தான் தகுதி பெற்றார் என்றால் நியூயார்க்கில் அந்தப் பதவிக்குப் பிரைமரியே நடக்காது.

யாருக்குப் போடுவது

நவம்பரில் கட்சியைப் பார்த்துப் போட்டுவிடலாம். பிரைமரியில் எல்லாரும் ஒரே கட்சி, கொள்கையிலும் முக்கால்வாசி ஒன்றுதான். இது நிஜமாகவே கஷ்டம். 2024 ஜூனில் வர்ஜீனியாவின் 10-ஆம் தொகுதியில், அதாவது ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங் என்று நம் ஆட்கள் நெருக்கமாக வசிக்கும் லௌடன் பகுதியில், ஜனநாயகக் கட்சி சீட்டுக்கு 12 பேர் நின்றார்கள். சுகாஸ் சுப்பிரமணியம் சுமார் 30 சதவீதத்தில் ஜெயித்து, நவம்பரிலும் ஜெயித்து காங்கிரஸுக்குப் போனார். 12 பேரின் தபால் அட்டைகளும் வாரக்கணக்கில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று அங்கிருக்கும் நண்பரைக் கேட்டேன், அடுப்படியில் தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்காமல் இருக்க விரித்துப் போட்டோம் என்றார்.

அட்டைகளைத் தூக்கிப்போடும் முன் ஒன்று மட்டும் பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் யார் பணத்தில் அச்சடித்தது என்று இருக்கும். வேட்பாளரின் சொந்தப் பிரச்சாரக் குழுவா, இல்லை பெயரைப் பார்த்தால் ஒன்றும் புரியாத வெளி அமைப்பா? 2024-இல் நியூயார்க்கின் 16-ஆம் தொகுதியில் ஜமால் போமனுக்கும் ஜார்ஜ் லாட்டிமருக்கும் நடந்த பிரைமரியில், இஸ்ரேல் ஆதரவு அமைப்பு ஒன்றின் தேர்தல் பிரிவு மட்டும் 1.4 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. விளம்பரங்களோ பெரும்பாலும் வேறு விஷயங்களைப் பேசின. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பெயரோடு கிடைக்கும், அரைமணி நேரம் ஒதுக்கினால் ஒரு வேட்பாளரைப் பற்றி நிறையப் புரிந்துவிடும்.

என் அளவுகோல் வேறு ஒன்றும் உண்டு, கொஞ்சம் சுயநலம்தான். பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டது, குடிவரவுத் துறையில் கோப்பு வருடக்கணக்கில் அசையவில்லை, முதியோர் ஓய்வூதியம் நின்றுவிட்டது என்றால் நாம் போய் நிற்கிற இடம் காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி அலுவலகம். அதனால் கூட்டங்களில் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் வெளியுறவுக் கொள்கையைவிட இதைத்தான் முதலில் கேட்பேன்: தொகுதியில் எத்தனை அலுவலகம் திறப்பீர்கள், குடிவரவு வழக்குகளைப் பார்க்கத் தனி ஆள் வைப்பீர்களா? பதிலிலேயே ஆள் யார் என்று தெரியும். ஈழத்தமிழர் விஷயம் முக்கியம் என்கிறவர்கள் சபைத் தீர்மானங்களின் பதிவைப் பார்க்கலாம். 2021-இல் வடக்கு கரோலினாவின் டெபோரா ராஸ் கொண்டுவந்த 413-ஆம் தீர்மானம் நிறைவேறவில்லை, ஆனால் யார் யார் சேர்ந்து பெயர் கொடுத்தார்கள் என்பது பொதுப்பதிவில் இருக்கிறது.

நம்மவர் என்பதற்காக மட்டும் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், அவரவர் விருப்பம். எனக்கு அது மூன்றாவது நான்காவது காரணமாக இருந்தால் சரி.

பணமும் சங்கமும்

பிரைமரிக் காலத்தில் யார் வீட்டிலாவது நிதி திரட்டும் விருந்து நடக்கும். சமோசா நன்றாக இருக்கும். கொடுக்கும் முன் தெரிந்துகொள்ளவேண்டியது: குடிமக்களும் பச்சை அட்டைக்காரர்களும் கொடுக்கலாம், எச்-1பி விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யலாம். 2025-26 சுற்றில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 3,500 டாலர், பிரைமரி தனிக் கணக்கு, நவம்பர் தனிக் கணக்கு. மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயரும் வேலை செய்யும் கம்பெனியும் பொதுப்பதிவில் வரும். ‘என் வரம்பு முடிந்துவிட்டது, உன் பெயரில் போட்டுவிடு, நான் திருப்பித் தருகிறேன்’ என்று நெருங்கின நண்பரே கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள். அது மொய்க் கணக்கு இல்லை, கூட்டாட்சிக் குற்றம்.

தமிழ்ச் சங்கங்களும் கோவில்களும் பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள். வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம், எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போடலாம், ஒருவரை மட்டும் மேடையேற்றி இவருக்கே ஓட்டு என்று சங்கத்தின் பெயரில் சொல்லக் கூடாது. தலைவர் தன் சொந்தப் பெயரில் சொல்லிக்கொள்ளட்டும்.

ஓட்டுப்போடும் நாள்

மாதிரி ஓட்டுச்சீட்டை முன்னாலேயே மாநிலத் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். காங்கிரஸ் பதவி மட்டும் இருக்காது. மாநில சட்டமன்றம், கவுண்டி பதவிகள், கட்சிக் குழு உறுப்பினர் என்று கேள்விப்படாத பதவிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். தெரியாததைக் காலியாக விடலாம், மற்றவை செல்லும்.

நியூஜெர்சியில் இந்தச் சீட்டின் வடிவமே ஒரு அரசியலாக இருந்தது. 21 கவுண்டிகளில் 19-இல், கவுண்டிக் கட்சி ஆதரிக்கும் வேட்பாளர்களை மேலிருந்து கீழ்வரை எல்லாப் பதவிக்கும் ஒரே வரிசையில் அடுக்கி, மற்றவர்களை எங்கோ ஓரத்தில் தள்ளி வைப்பார்கள். அந்த ஓரத்துக்கு உள்ளூர்ப் பெயர் சைபீரியா. நான் முதல் தடவை பார்த்தபோது அந்த ஒரே வரிசையை மட்டும்தான் நிரப்பவேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன், நினைக்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடே. 2024-இல் செனட் பதவிக்கு நின்ற ஆண்டி கிம் வழக்குப் போட்டு, மார்ச் 29-ஆம் தேதி நீதிபதி ஜாஹித் குரைஷி அந்த வருட ஜனநாயகக் கட்சி பிரைமரியில் இந்த வரிசை கூடாது என்று உத்தரவிட்டார். பதவிவாரியாகப் பெயர்களை ஒன்றின்கீழ் ஒன்றாகப் போடும் சீட்டு வந்தது. ஜூன் மாதம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் ஒரு பதவிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அடையாள அட்டை எல்லா மாநிலத்திலும் கேட்பதில்லை, டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் புகைப்பட அட்டை இல்லாமல் போகாதீர்கள். முன்கூட்டியே ஓட்டுப்போடும் நாட்களும் தபால் ஓட்டும் பல மாநிலங்களில் உண்டு, வாஷிங்டனில் எல்லாருக்கும் சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். பெயர் பட்டியலில் இல்லை என்றால் சண்டை போடாமல் தற்காலிகச் சீட்டு கேளுங்கள், அது உங்கள் உரிமை, பிறகு சரிபார்த்து எண்ணுவார்கள். மூடிய மாநிலத்தில் கட்சி சேராதவர் போட்டால் மட்டும் எண்ணமாட்டார்கள். எனக்கு அன்றைக்கு அந்த அம்மா கொடுத்ததும் அதுதான், சில வாரம் கழித்துச் செல்லாது என்று கடிதம் வந்தது.

குடியுரிமை வாங்கிய அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்றால் விட்டுவிடாதீர்கள். க்வீன்ஸில் சீட்டில் வங்காளி உண்டு, தமிழ் இல்லை. ஆனால் படிக்க முடியாதவர் தனக்கு உதவ யாரையும் உள்ளே கூட்டிப்போகலாம் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது, முதலாளியும் தொழிற்சங்க ஆளும் மட்டும் கூடாது. என் மாமியாரோடு நான் போனேன். பெயர்களைப் படித்துக்காட்டினேன், அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் மாறிவிட்டது, வாயைத் திறக்கவில்லை. உதவி என்றால் அவ்வளவுதான்.

ஓட்டு எண்ணியபின்

பெரும்பாலான மாநிலங்களில் 50 சதவீதம் தேவையில்லை, அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். மிச்சிகனின் 13-ஆம் தொகுதியில் 2022-இல் 9 பேர் நின்ற பிரைமரியில் ஸ்ரீ தானேதார் ஜெயித்தது சுமார் 28 சதவீதத்தில். கூட்டம் அதிகமான பிரைமரியில் பிடித்தவருக்குப் போடுவதா, ஜெயிக்கக்கூடிய இருவரில் ஒருவருக்குப் போடுவதா என்று யோசிக்கத்தான் வேண்டும். நியூயார்க் நகரவாசிகளுக்கு ஒரு குறிப்பு: மேயர் பிரைமரியில் ஒன்று இரண்டு மூன்று என்று வரிசைப்படுத்திப் போட்டீர்களே, அது நகரப் பதவிகளுக்கு மட்டும். காங்கிரஸுக்கு ஒரே ஒரு பெயர்.

டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் முதல் இருவருக்கு இரண்டாம் சுற்று. நான் சொன்ன அந்த 289 ஓட்டு வித்தியாசம் இரண்டாம் சுற்றில் வந்ததுதான். டெக்சாஸில் மார்ச்சில் ஒரு கட்சியில் போட்டுவிட்டு மே மாதம் மற்றதற்குத் தாவ முடியாது, மார்ச்சில் போகவே இல்லை என்றால் எதற்கு வேண்டுமானாலும் போகலாம்.

எண்ணிக்கை இழுத்துக்கொண்டே போனால் கவலைப்படாதீர்கள், தபால் ஓட்டு வந்துசேர நேரமாகும். 2024-இல் மவுன்டன் வியூ, பாலோ ஆல்டோ உள்ள கலிஃபோர்னியா 16-ஆம் தொகுதியில் இரண்டாம் இடத்துக்கு ஈவன் லோவும் ஜோ சிமிட்டியனும் ஆளுக்கு 30,249 ஓட்டு, அச்சடித்த மாதிரி சமம். சட்டப்படி முதலிடம் பெற்ற சாம் லிக்கார்டோவோடு மூன்று பேரும் நவம்பருக்குப் போயிருக்கவேண்டும். மறுபடி எண்ணினார்கள், லோ 5 ஓட்டு முன்னால் வந்தார். கடைசியில் நவம்பரில் ஜெயித்தது லிக்கார்டோ.

தோற்றவர் சுயேச்சையாக நிற்கலாமே என்றால் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் விடாது. நியூயார்க்கில் கொஞ்சம் விசித்திரம், ஒரே வேட்பாளரை இரண்டு மூன்று கட்சிகள் நிறுத்தலாம், அதனால் பிரைமரியில் தோற்ற கிரௌலியின் பெயர் 2018 நவம்பர் சீட்டில் வேறொரு சிறிய கட்சியின் வரியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

கடைசியாக ஒரு சந்தேகம் பல பேருக்கு உண்டு. நீங்கள் எந்தக் கட்சியில் பதிவு செய்தீர்கள், எந்தப் பிரைமரிக்குப் போனீர்கள் என்பது பொதுப்பதிவு, கேட்டால் கிடைக்கும், பிரச்சாரக் குழுக்கள் அதை வைத்துத்தான் உங்கள் கதவைத் தட்டுகின்றன. யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. வீடு மாறினால் பதிவையும் மாற்றவேண்டும், மாநிலம் மாறினால் முதலிலிருந்து பதிவு, அந்தப் படிவத்தில் கட்சிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு, இந்த மாநிலம் எந்த ரகம் என்று பார்த்துவிட்டு டிக் அடியுங்கள்.